வாசகர் கேள்வி–பதில்: 120 ரோல் கேமராவுக்கு எந்த லென்ஸ், எந்தத் துணைக்கருவி?

இந்த முறை 120 ரோல் ஃபிலிம் கேமராக்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில். கடிதங்களில் பாதி, ‘அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?’ என்று கேட்பவை. அவர்களில் பலருக்கு எங்கள் பதில், ‘இப்போதைக்கு எதுவும் வேண்டாம், இருக்கிற லென்ஸை முதலில் சர்வீஸுக்குக் கொடுங்கள்’ என்பதுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மாமியா ஆர்பி67 ப்ரோ-எஸ் கேமராவை 127 மி.மீ. லென்ஸோடு வாங்கியிருக்கிறேன். வீட்டு ஆட்களையும் கோயில் மண்டபங்களையும் எடுக்க ஆசை. இரண்டாவது லென்ஸ் 65 மி.மீ.யா, 180 மி.மீ.யா? நண்பர் 50தான் வேண்டும் என்கிறார்.
— வாசகர், கும்பகோணம்

65 வாங்குங்கள். 180 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 50 இப்போது வேண்டாம்.

ஆர்பி67ல் விழும் 6×7 செ.மீ. நெகட்டிவின் மூலைவிட்டம் சுமார் 89 மி.மீ.; 35 மி.மீ. ஃபிலிமுக்கு 43 மி.மீ. அதனால் ஆர்பி லென்ஸின் எண்ணை ஏறக்குறையப் பாதியாக்கினால், சின்னக் கேமராவில் பழகிய கணக்கு கிடைத்துவிடும். 50 என்பது 24 போல, 65 என்பது 32 போல, 90 என்பது 44 போல, 127 என்பது 62 போல, 180 என்பது 87 போல. உங்களிடம் இருக்கும் 127, நார்மல் லென்ஸுக்கும் போர்ட்ரெய்ட் லென்ஸுக்கும் நடுவில் நிற்கிறது. ஆட்களை எடுக்க அது போதும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கேமராவை நிமிர்ந்த வாக்கில் வைத்து, தலையிலிருந்து மார்புவரை 60 செ.மீ. உயரம் அடங்க வேண்டும் என்றால் 127 மி.மீ. லென்ஸுக்கு 1.2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்; 180க்கு 1.7 மீட்டர். வித்தியாசம் அரை மீட்டர். அந்த அரை மீட்டருக்காக ஒரு லென்ஸ் வாங்குவது அவசரம். மண்டபத்தில் கதை வேறு. 4 மீட்டர் உயரத் தூண் ஒன்று முழுசாக விழ 127க்கு 7 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். அங்கே உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தூண் இருக்கும். 65 என்றால் 4 மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும்.

180 எப்போது தேவை? முகம் மட்டுமே படத்தை நிரப்ப வேண்டும் என்கிறபோது. அந்த அளவுக்கு 127 மி.மீ. லென்ஸில் 65 செ.மீ. வரை கிட்டப் போக நேரும். மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும். 180 இருந்தால் 90 செ.மீ.யில் நிற்கலாம். ‘180 என்றால் பின்னணி அதிகம் கலங்கும், அதனால் ஃபோகஸ் ஆழம், அதாவது கூர்மையாக விழும் தூரம், குறையும்’ என்று பலர் நினைக்கிறார்கள். முகம் படத்தில் ஒரே அளவில் விழும்போது, ஒரே எஃப் எண்ணில் (லென்ஸ் துவாரத்தின் அளவு), இரண்டு லென்ஸிலும் ஃபோகஸ் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே சொன்ன 60 செ.மீ. உயரப் படத்துக்கு எஃப்/4.5ல் மூன்றரை செ.மீ., எஃப்/8ல் ஆறரை செ.மீ., எஃப்/11ல் 9 செ.மீ. இரண்டு கண்ணும் மூக்கும் கூர்மையாக வேண்டுமென்றால் எஃப்/8க்குக் கீழே இறங்காதீர்கள். பின்னணிக் கலங்கல் 180ல் பெரிதாகத் தெரிவது உண்மை. அது வேறு விஷயம்.

50 மி.மீ. வேண்டாம் என்றதற்குக் காரணம் அதன் தரம் அல்ல. அந்தக் கோணத்தில் கேமரா இம்மி சாய்ந்தாலும் ஓரத்துத் தூண்கள் விழப்போவதுபோல நிற்கும். ஒரு சின்ன நீர்மட்டம் வாங்கி 65ல் பழகிக்கொண்ட பிறகு அந்தப் பக்கம் போங்கள்.

65 வாங்கும்போது பெயரில் ‘சி’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டிங் மேம்பட்ட வரிசை அது. இருட்டு மண்டபத்தில் ஒரு பக்கம் வெயில் வாசல் இருக்கும் படங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதையும் மிஞ்சி உதவுவது ஹூட். பெரும்பாலான ஆர்பி லென்ஸ்களுக்கு ஃபில்டர் மரை 77 மி.மீ. என்பதால் ஒரே ஃபில்டர் செட் போதும். ஆனால் 127க்கு வாங்கிய நீள ஹூடை 65ல் மாட்டினால் மூலைகள் கறுக்கும். சோதிப்பது எளிது: ஃபிலிம் பேக்கை (முதுகில் ஃபிலிம் இருக்கும் பெட்டி) கழற்றி, ஷட்டரை ‘டி’யில் திறந்து வைத்து, எடுக்கப்போகும் அப்பர்ச்சரை வையுங்கள். பின்பக்கத்திலிருந்து, ஃபிலிம் சட்டத்தின் மூலையில் கண்ணை வைத்து லென்ஸ் துவாரத்தைப் பாருங்கள். துவாரம் முழுசாகத் தெரிந்தால் சரி. ஹூடின் விளிம்பு அதைக் கடித்திருந்தால் ஹூட் நீளம்.

தூரத்துப் படங்கள் சரியாக வருகின்றன. பூ, நகை, கைகள் என்று கிட்டப்போய் ஆர்பி67ல் எடுத்தவை மட்டும் நெகட்டிவில் மெலிசாக விழுகின்றன. என் கை மீட்டர் பழுதா?
— வாசகி, மதுரை

மீட்டர் நன்றாகவே இருக்கிறது. லென்ஸை முன்னே நகர்த்தும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸ் நீளுவதை அது அறியாது.

லென்ஸ் ஃபிலிமைவிட்டு முன்னே போகப் போக, ஃபிலிமில் விழும் வெளிச்சம் குறையும். கணக்கு இது: லென்ஸின் மி.மீ. எண்ணோடு பெல்லோஸ் நீண்ட அளவைக் கூட்டி, லென்ஸ் எண்ணால் வகுத்து, வந்த விடையை அந்த விடையாலேயே பெருக்குங்கள். எத்தனை மடங்கு வெளிச்சம் கூட்ட வேண்டும் என்பது கிடைக்கும். ஆர்பி பெல்லோஸ் முழுசாக நீண்டால் 46 மி.மீ. 127 மி.மீ. லென்ஸில் 173ஐ 127ஆல் வகுத்தால் 1.36, அதை 1.36ஆல் பெருக்கினால் 1.86 மடங்கு. ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது. அதே முழு நீட்சியில் 180க்கு மூன்றில் இரண்டு ஸ்டாப், 90க்கு ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே, 65க்கு ஒன்றரை ஸ்டாப். ஒவ்வொரு லென்ஸுக்கும் உரிய கோடுகள் கேமராவின் பக்கவாட்டில் அச்சிட்டே இருக்கின்றன. ஃபோகஸ் செய்து முடித்ததும் அதைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நகைக்கு இன்னும் கிட்டப்போக வேண்டுமென்றால் நீட்சிக் குழாய் வாங்கலாம். மாமியாவின் 1ஆம் எண் குழாய் 45 மி.மீ., 2ஆம் எண் 82 மி.மீ. 127 லென்ஸில் 2ஆம் எண்ணை மாட்டி பெல்லோஸையும் முழுசாக நீட்டினால், பொருள் ஃபிலிமில் அசல் அளவிலேயே விழும். அப்போது சரியாக இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். ஃப்ளாஷ் மீட்டர் வைத்து எடுத்தாலும் இதே திருத்தம் உண்டு. லென்ஸ் வழியாகவே அளக்கும் மீட்டர் பிரிசம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தேவையில்லை.

இன்னொரு கண்ணி இருக்கிறது. திருத்திய நேரம் 1 விநாடியைத் தாண்டினால் ஃபிலிமின் உணர்திறனும் தளரும். இல்ஃபோர்டு எச்பி5 ப்ளஸில் 4 விநாடி என்று வந்தால் 6 விநாடி கொடுங்கள். 10 என்று வந்தால் 20. எஃப்பி4 ப்ளஸில் 10க்கு 18. முதலில் பெல்லோஸ் திருத்தம், அதற்குப் பிறகே இது. வரிசையை மாற்றிப் போட்டால் விடை தப்பாகும்.

டிரைபாடில் வைத்து எடுத்த ஒரு ரோலில் 10 படமும் வெறும் கண்ணாடியாக வந்திருக்கிறது. ஷட்டர் பட்டனை அழுத்தியபோது ‘டப்’ என்ற சத்தம் நன்றாகக் கேட்டது. இதுவும் ஆர்பி67தான்.
— வாசகர், ஈரோடு

நீங்கள் கேட்டது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி (மிரர்) மேலே போன சத்தம். ஷட்டர் திறக்கவே இல்லை.

லென்ஸின் பக்கத்தில் கேபிள் ரிலீஸ் மாட்டும் ஒரு குமிழ் இருக்கும். அதில் ‘என்’, ‘எம்’ என்று இரண்டு நிலைகள். ‘என்’ சாதாரண நிலை. ‘எம்’மில் வைத்தால் உடம்பில் உள்ள பட்டன் கண்ணாடியை மட்டும் தூக்கும், லென்ஸில் மாட்டிய கேபிளை அழுத்தினால்தான் ஷட்டர் ஓடும். உங்கள் குமிழ் ‘எம்’மிலேயே நின்றிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஃபிலிம் போடும் முன் பேக்கைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து பார்த்தபடி ஒருமுறை அழுத்துங்கள். வெளிச்சம் மின்னி மறைய வேண்டும்.

டிரைபாடில் அந்த ‘எம்’ நிலையைத்தான் நாங்களும் சிபாரிசு செய்வோம், கேபிளோடு சேர்த்து. கண்ணாடி அவ்வளவு பெரிது. 1/15 முதல் 1 விநாடி வரை உள்ள வேகங்களில் அதன் அதிர்வு படத்தில் நன்றாகவே தெரியும். பட்டனை அழுத்தி, இரண்டு மூன்று விநாடி பொறுத்து, கேபிளை அழுத்துங்கள். கேபிள் 40–50 செ.மீ. நீளமாக, பூட்டுத் திருகோடு இருக்கட்டும். குட்டைக் கேபிள் விறைப்பாக நின்று கேமராவையே அசைக்கும். லென்ஸும் பேக்கும் சேர்ந்து இரண்டரை கிலோவுக்கு மேல் வரும் கேமரா இது. டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பேக் சுழலும் என்பதால் கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டியதே இல்லை. ‘எல்’ பிராக்கெட்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

ஹாசல்பிளாட் 500சி/எம், 80 மி.மீ. சி பிளானார். 21 மி.மீ. நீட்சிக் குழாயோடு எடுத்துக்கொண்டிருந்தபோது எல்லாம் இறுகிவிட்டது. வைண்டர் சுற்றவில்லை, லென்ஸும் கழலவில்லை. பலத்தைக் கொடுத்துத் திருப்பலாமா?
— வாசகர், சென்னை

கூடவே கூடாது. பலத்தைக் கொடுத்தால் சின்ன வேலை பெரிய வேலையாகும்.

இந்தக் கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. உடம்பின் வைண்டர் சுற்றும்போது ஒரு சின்னத் தண்டு சுழன்று லென்ஸின் ஷட்டரையும் முறுக்கி வைக்கும். உடம்பும் லென்ஸும் இரண்டும் முறுக்கிய நிலையில் இருந்தால்தான் மாட்டவும் கழற்றவும் முடியும். ஒன்று முறுக்கி, மற்றது அவிழ்ந்து நின்றால் தண்டுகள் பொருந்தாமல் இறுகும். நீட்சிக் குழாயில் இது நடக்க முக்கியக் காரணம், லென்ஸையும் குழாயையும் ஒன்றாகச் சேர்த்துக் கழற்றுவது அல்லது சேர்த்து மாட்டுவது. சரியான வரிசை: முதலில் குழாயை உடம்பில் மாட்டு, பிறகு லென்ஸைக் குழாயில் மாட்டு. கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு குழாய். இரண்டு குழாய் இருந்தால் லென்ஸ் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக.

இப்போது விடுவிக்கும் வழி. டார்க் ஸ்லைடை (ஃபிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகடு) செருகி ஃபிலிம் பேக்கைக் கழற்றுங்கள். லென்ஸ் முகம் கீழே இருக்கும்படி மெத்தென்ற துணியில் கேமராவை நிறுத்துங்கள். பின்னால் இரண்டு மடல் கதவுகள் தெரியும். மூடியிருந்தால் விரலால் மெல்ல விலக்குங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸ் சேரும் இடத்தில், வெட்டு விழுந்த திருகுத் தலை ஒன்று தெரியும். அதுதான் அந்தத் தண்டு. நீளமான, மெல்லிய, தட்டை முனை ஸ்குரூ டிரைவரின் தண்டுப் பகுதியில் டேப் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ‘க்ளிக்’ என்று நின்றால் ஷட்டர் முறுக்கிக்கொண்டது. இனி லென்ஸ் பட்டனை அழுத்தினால் வழக்கம்போல் கழலும். பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான்: முனை நழுவினால் லென்ஸின் பின்கண்ணாடியில் கீறல் விழும். திருகு முரண்டு பிடித்தாலோ, கை நடுங்குகிறது என்றாலோ அங்கேயே நிறுத்தி, இந்தக் கேமராவைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

லென்ஸ் கையில் இருக்கும்போதே ஷட்டர் அவிழ்ந்துவிட்டால், பின்பக்கத் தண்டை அகலமான ஸ்குரூ டிரைவரால் திருப்பி, வெட்டு சிவப்புப் புள்ளிக்கு நேராக வரும்படி நிறுத்திய பிறகே மாட்டுங்கள்.

சி வரிசை லென்ஸில் ‘எம்–எக்ஸ்–வி’ என்று ஒரு நெம்பு இருக்கும். அது எப்போதும் ‘எக்ஸ்’ல் இருக்கட்டும். ‘வி’ என்பது செல்ஃப் டைமர். பழைய ஷட்டரில் அந்தப் பற்சக்கரங்கள் உலர்ந்துபோய் நடுவழியில் நின்றுவிடும். ஃபில்டர் வாங்கும்போதும் கவனம்: உங்கள் 80 மி.மீ. சி லென்ஸுக்கு பே 50 (‘பே’ என்பது ஃபில்டரை மாட்டும் பிடியின் அளவு). 1982க்குப் பிறகு வந்த சிஎஃப் வரிசைக்கு பே 60. விற்பவர் ‘ஹாசல்பிளாட் ஃபில்டர்’ என்று மட்டும் சொன்னால் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவின் யாஷிகா மேட் 124ஜி இருக்கிறது. லென்ஸ் மாற்ற முடியாது என்று தெரியும். கிட்டத்தில் எடுக்கவும், மேகத்தை அழுத்தமாகக் காட்டவும் என்ன மாட்டலாம்?
— வாசகி, யாழ்ப்பாணம்

பே 1 அளவுச் சாமான் எதுவும் பொருந்தும், எஃப்/3.5 டெஸ்ஸார் ரோலைஃப்ளெக்ஸுக்கு வந்ததும்கூட. அழுத்தித் திருப்பினால் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கேமரா 1 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. க்ளோஸ்-அப் செட்டில் இரண்டு கண்ணாடி வரும்: ஒன்று படம் எடுக்கும் கீழ் லென்ஸுக்கு, மற்றது பார்க்கும் மேல் லென்ஸுக்கு. மேலே மாட்டுவது தடிமனாக இருக்கும். பார்வைக் கோணத்தைக் கீழே சாய்க்கும் பிரிசம் அதில் உண்டு. அதன் புள்ளி மேலே பார்த்தபடி நிற்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பார்ப்பது ஓரிடம், விழுவது வேறிடம் என்றாகும். 1 டயாப்டர் (க்ளோஸ்-அப் கண்ணாடியின் சக்தி) செட்டில் 1 மீட்டரிலிருந்து 50 செ.மீ. வரை, 2 டயாப்டரில் 50லிருந்து 33 செ.மீ. வரை எடுக்கலாம். இதற்கு எக்ஸ்போஷர் திருத்தம் வேண்டாம். லென்ஸ் ஃபிலிமைவிட்டு விலகவில்லை, முன்னால் ஒரு கண்ணாடி சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எஃப்/8 அல்லது எஃப்/11ல் எடுங்கள். திறந்து எடுத்தால் ஓரங்கள் குழையும்.

மேகத்துக்கு, கறுப்பு வெள்ளையில், மஞ்சள் ஃபில்டர் 1 ஸ்டாப், ஆரஞ்சு 2, சிவப்பு 3. முதலில் ஆரஞ்சு வாங்குங்கள். மஞ்சளின் விளைவு பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை. கேமராவின் மீட்டர் கண் லென்ஸுக்குப் பின்னால் இல்லை, முன்முகத்தில் தனியாக இருக்கிறது. ஆகவே இந்த ஸ்டாப்புகளை நீங்கள்தான் கூட்ட வேண்டும். அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு ஏற்ப அமைத்தது; இப்போது கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் அளவு தப்பும். காதுக் கருவிக்குப் போடும் ஜிங்க்-ஏர் பேட்டரி, வோல்டேஜில் பக்கத்தில் வரும். பொலரைசர் வைத்திருந்தால் மேல் லென்ஸில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, வளையத்தில் எந்தக் குறி மேலே நிற்கிறது என்று கவனித்து, கீழ் லென்ஸில் அதே குறி மேலே வரும்படி மாட்டுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது கடையிலேயே எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? ஊர் கடலோரம். பூஞ்சை பயம் உண்டு.
— வாசகர், நாகப்பட்டினம்

ஒரு சின்ன டார்ச்சும் ஸ்லோமோஷன் வீடியோ எடுக்கும் ஃபோனும் கொண்டுபோங்கள்.

முதலில் கண்ணாடி. ஷட்டரை ‘பி’ அல்லது ‘டி’யில் திறந்து, அப்பர்ச்சரை முழுசாக விரித்து, டார்ச்சைப் பின்னாலிருந்து நேராக அடிக்காமல் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் எந்த லென்ஸும் தூசி மூட்டையாகத் தெரியும். சிலந்தி நூல்போல் கிளை பிரிந்தால் பூஞ்சை. மெல்லிய பனிபோல் படர்ந்திருந்தால் மூட்டம். கண்ணாடியைத் திறந்து துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். விளிம்பில் வானவில் நிறத்தில் பிறை தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. அதைச் சரிசெய்வது லாபமில்லை, விட்டுவிடுங்கள். ஓரத்தில் உள்ளிருக்கும் கறுப்புப் பெயின்ட் வெள்ளைப் புள்ளியாக உதிர்ந்திருந்தால் படத்தில் பாதிப்பு அநேகமாக இருக்காது. விலையைக் குறைத்துக் கேட்க உதவும். பூஞ்சை விஷயத்தில், துடைத்தபின் கண்ணாடியில் தடம் பதிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோட்டிங்கை அது அரித்திருந்தால் துடைப்பு உதவாது. முன்கண்ணாடியில் ஓரமாக இருக்கும் சின்னத் தடத்தை மன்னிக்கலாம். பின்கண்ணாடியில் இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது ஷட்டர். விலை பேசும்போது யாரும் பார்க்காதது இதுதான், ஆனால் செலவு வைப்பதும் இதுதான். 1 விநாடி வைத்து அழுத்துங்கள். ஓட்டம் இழுத்து இழுத்து நின்றால் எண்ணெய் பிசினாகிவிட்டது, சர்வீஸ் தேவை. பிறகு ஃபோனை விநாடிக்கு 240 ஃப்ரேம் வீடியோவில் வைத்து, லென்ஸுக்கு எதிரே விளக்கைக் காட்டி, பின்னாலிருந்து எடுங்கள். 1/30க்கு 8 ஃப்ரேம், 1/60க்கு 4 ஃப்ரேம் வெளிச்சம் தெரிய வேண்டும். 1/125க்கு மேலே ஃபோன் கணக்கு நம்பகமில்லை. 1/500 என்று எழுதியது 1/350ல் ஓடினால் அரை ஸ்டாப்தான்; நெகட்டிவ் ஃபிலிமில் தெரியாது. ஸ்லைடு எடுப்பவர் கவலைப்படலாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அவை மெதுவாக மூடும். படம் அதிக வெளிச்சத்தில் விழும்.

வீட்டுக்கு வந்தபின், தோல் உறையைக் கழற்றித் தனியே வையுங்கள். ஈரத்தைச் சேர்த்து வைப்பதே அதுதான். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, 100 கிராம் சிலிகா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பத மானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்; ஐப்பசி, கார்த்திகையில் இது அடிக்கடி தேவைப்படும். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் படியும். எல்லாவற்றையும்விட, எடுத்து எடுத்துப் பயன்படுத்தும் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது அரிது.

பென்டாக்ஸ் 67, 105 மி.மீ. எஃப்/2.4. ஸ்டூடியோ ஃப்ளாஷில் 1/125ல் எடுத்தால் பாதிப் படம் கறுப்பு. ஃப்ளாஷ் கேபிளை மாற்றியும் பயனில்லை.
— வாசகர், கோயம்புத்தூர்

இதில் துணித்திரை ஷட்டர். ஃப்ளாஷுக்கு அதன் உச்ச வேகம் 1/30. அதற்கு மேலே போனால் திரை முழுசாகத் திறப்பதே இல்லை. பிளவு ஒன்றுதான் ஓடுகிறது.

1/30 என்றதும் பயப்பட வேண்டாம். ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/30ல் சாதாரண அறை வெளிச்சம் ஃபிலிமில் பதியவே பதியாது. அசைவை உறையவைப்பது ஃப்ளாஷின் மின்னல்தான். ஃப்ளாஷ் இல்லாமல் இதே அளவில் ஒரு ஃப்ரேம் எடுத்துக் கழுவிப் பாருங்கள், வெறுமையாக வரும். வெயிலில் நிற்கும் ஆளுக்கு ஃப்ளாஷ் நிரப்ப வேண்டுமானால்தான் 90 மி.மீ. எஃப்/2.8 அல்லது 165 மி.மீ. எஃப்/4 லீஃப் ஷட்டர் லென்ஸ், அதாவது தனக்குள்ளேயே ஷட்டர் உள்ள லென்ஸ், தேவை. அவற்றை மாட்டி உடம்பில் 1/8 வையுங்கள். உண்மையான வேகத்தை லென்ஸில் 1/30 முதல் 1/500 வரை வைக்கலாம். லென்ஸ் ஷட்டரை ஒவ்வொரு படத்துக்கும் கையால் முறுக்க வேண்டும். கல்யாண வேலைக்கு அது சரிவராது.

மீட்டர் பிரிசம் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: லென்ஸைக் கழற்றிவிட்டுப் பிரிசத்தை மாட்டுங்கள், பிறகு லென்ஸ். மாற்றிச் செய்தால் அப்பர்ச்சர் எண்ணை மீட்டருக்குச் சொல்லும் மெல்லிய சங்கிலி அறுந்துபோகும்.

ப்ரோனிகா இடிஆர்எஸ் வாங்கினேன். எந்த வேகம் வைத்தாலும் ஒரே மாதிரி ஓடுகிறது. லென்ஸ் பழுதா?
— வாசகர், சேலம்

பேட்டரி. 6 வோல்ட் 4எஸ்ஆர்44 ஒன்று போடுங்கள். அது இல்லாமல் இந்தக் கேமரா 1/500ல் மட்டுமே ஓடும். வாங்கும்போதே உதிரியாக இன்னொன்றும் வாங்கிப் பையில் போடுங்கள்.

220 பேக் மலிவாகக் கிடைக்கிறது. அதில் 120 ஃபிலிம் போடலாமா?
— வாசகி, திருச்சி

போடலாம். 120ல் ஃபிலிமுக்குப் பின்னால் நெடுகக் காகிதம் உண்டு. 220க்கு முனைகளில் மட்டும்தான். ஆகவே 220 பேக்கின் அழுத்துத் தகடு மெல்லிய ஃபிலிமுக்கு அமைத்தது. காகிதத்தோடு கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும், கெடுதல் ஒன்றும் இல்லை. எண்ணிக்கை 20 அல்லது 24 வரை காட்டும். நீங்கள் 6×7ல் 10க்கும், 6×6ல் 12க்கும் நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சுற்றித் தள்ள வேண்டும். மறந்து அடுத்ததை அழுத்தினால் ஃபிலிம் இல்லாத காகிதத்தைத்தான் எடுத்திருப்பீர்கள். தலைகீழாக, 220 ஃபிலிமை முதுகில் சிவப்பு ஜன்னல் உள்ள பழைய கேமராவில் போட்டுவிடாதீர்கள். காகிதம் இல்லாததால் ஜன்னல் வழியே வெளிச்சம் பாய்ந்துவிடும்.

ஹாசல்பிளாட் ஏ12 பேக்கில் எடுத்த படங்களில் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழுகிறது. பேக் புதிதாக வாங்க வேண்டுமா?
— வாசகர், சிங்கப்பூர்

வேண்டாம். கீற்று எங்கே தொடங்குகிறது என்று நெகட்டிவில் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கத்திலிருந்து உள்ளே வந்தால், டார்க் ஸ்லைடு நுழையும் பிளவின் அடைப்பு தேய்ந்திருக்கிறது. உறுதி செய்ய, ஒரு ரோலைப் போட்டு, ஸ்லைடை எடுத்துவிட்டு, கேமராவை வெயிலில் 5 நிமிடம் திருப்பித் திருப்பி வைத்து, பிறகு அழுத்துங்கள். அடுத்த ஃப்ரேமை ஸ்லைடு எடுத்த உடனே எடுங்கள். முதலாவதில் கீற்று கனமாக இருந்தால் சந்தேகமே இல்லை. நுரையும் மெல்லிய பிளாஸ்டிக் தகடும் சேர்ந்த அடைப்பு செட் தனியாகவே விற்கிறது. சின்னத் திருகுகளைக் கழற்றத் தெரிந்தவர் வீட்டிலேயே மாற்றலாம். அது சீக்கிரம் தேயக் காரணம், ஸ்லைடை மூலை முதலில் நுழையும்படி கோணலாகச் செருகுவது. முழு அகலமும் ஒரே நேரத்தில் நுழையும்படி நேராகத் தள்ளுங்கள்.

படச் சட்டத்துக்கு வெளியே, ஃபிலிமின் இரு விளிம்பிலும் கறுப்பு ஏறியிருந்தால் பேக்கின் மேல் தப்பில்லை. ரோல் தளர்வாகச் சுற்றியிருக்கிறது. நிழலில் நின்று ரோலை மாற்றுங்கள், வெளியே எடுக்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ஒட்டுக் காகிதத்தை இறுக்கமாக ஒட்டுங்கள், கழுவும்வரை கறுப்பு டப்பாவில் வையுங்கள்.